செந்தோசா மீன்காட்சியகத்துக்கு "வேனும் டிக்கெட்டும் சேர்த்து" என்று விற்பவர்களிடம் காசு கொடுக்காதீர்கள்

சிங்கப்பூரில் தேக்கா, அதாவது லிட்டில் இந்தியா, பக்கம் தங்கும் சுற்றுலாக் குடும்பங்களைக் குறிவைத்து ஒரு பேக்கேஜ் விற்கிறார்கள். செந்தோசாத் தீவுக்கு வேன், தீவுக்குள் நுழையக் கட்டணம், மீன்காட்சியக டிக்கெட் மூன்றும் சேர்த்து ஆளுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை. பணம் போனதும் வாட்ஸ்அப்பில் கியூஆர் படங்கள் வரும்.

பெரியவர்கள் இருவர், பிள்ளைகள் இருவர் என நால்வர் கொண்ட ஒரு குடும்பத்துக்கு நடந்ததைச் சொன்னாலே போதும். வேன் வந்தது, ஏற்றிக்கொண்டு போய் இறக்கியும் விட்டது. வாசலில் ஸ்கேன் செய்தபோது இரண்டு டிக்கெட் ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டவை, மற்ற இரண்டும் ரத்தானவை. விற்றவரின் எண் அதற்குள் அணைந்துவிட்டது. பிள்ளைகளை வாசலில் நிறுத்திவைத்துக்கொண்டு அன்றைய விலைக்கு மறுபடி டிக்கெட் வாங்க வேண்டியதாயிற்று.

இது எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் தப்பிக்க முடியும். கியூஆர் படத்தை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். முதலில் ஸ்கேன் செய்தவர் உள்ளே போவார், மற்றவர்கள் வாசலில் நிற்பார்கள். ரத்தாகும் டிக்கெட்டின் கதை வேறு. திருட்டுக் கடன் அட்டையில் உண்மையான டிக்கெட்டையே வாங்கிப் பாதி விலைக்கு விற்பார்கள். அட்டைக்குச் சொந்தக்காரர் வங்கியில் புகார் செய்ததும் டிக்கெட் செல்லாமல் போகும். அதனால்தான் வாங்கிய அன்று சரிபார்த்தபோது எல்லாம் ஒழுங்காக இருந்ததே என்று பலர் குழம்புகிறார்கள். வாங்கிய அன்று அது நல்ல டிக்கெட்தான்.

பழைய பெயரையும் கவனியுங்கள். 2012இல் திறந்த எஸ்.இ.ஏ. அக்வேரியம் என்ற பெயரில் அங்கே இப்போது எதுவும் இல்லை. அது மூன்று மடங்கு பெரிதாகி, 22 காட்சிப் பகுதிகளோடு 2025 ஜூலை 24 முதல் சிங்கப்பூர் ஓஷனேரியமாக இயங்குகிறது. பழைய பெயரைப் போட்டு, "எந்தத் தேதியிலும் போகலாம்" என்று யாராவது விற்றால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது ஏமாற்று வயதில். நான்கு வயது ஆகாத குழந்தைக்கு அங்கே டிக்கெட்டே வேண்டாம். 4 முதல் 12 வரை சிறுவர் கட்டணம். மூன்று வயதுக் குழந்தைக்கும் சேர்த்துப் பணம் கேட்டால் அது உங்கள் அறியாமைக்குப் போடும் விலை. இன்னொன்று, சிங்கப்பூர்வாசிகளுக்குத் தனி விலை உண்டு, அடையாள அட்டையும் கேட்பார்கள். அந்த டிக்கெட்டை ஊரிலிருந்து வந்தவருக்குத் தள்ளிவிட்டால் மாட்டுவது வாங்கியவர்தான்.

மூன்றாவது, மிக வெட்கக்கேடானது, "தீவு நுழைவுக் கட்டணம்". விவோசிட்டி கடைத்தொகுதியின் தரைத்தளத்தில் நீர்முகப்புப் பக்கத்திலிருந்து செந்தோசா போர்டுவாக் வழியாக நடந்து போனால் ஒரு காசு கிடையாது. மேலே கூரை உண்டு, சில இடங்களில் நகரும் நடைபாதையும் உண்டு. குழந்தைத் தள்ளுவண்டியோடு போனாலும் பத்துப் பதினைந்து நிமிடம்தான். ஒற்றைத் தண்டவாள ரயிலான செந்தோசா எக்ஸ்பிரஸில் போனால் ஆளுக்கு 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அதற்குள் தீவு நுழைவும் அடக்கம், திரும்பி வரக் கட்டணம் இல்லை. தீவுக்குள் அதே ரயிலில் எத்தனை முறை ஏறி இறங்கினாலும் இலவசம். 123ஆம் எண் பேருந்தும் தீவுக்குள் போகிறது, வழக்கமான பேருந்துக் கட்டணம் மட்டுமே. ஆகவே "போக ஒன்று, வர ஒன்று" என்று நுழைவுக்குப் பணம் வாங்குவது பச்சைப் பொய்.

வேனே தேவையில்லை. லிட்டில் இந்தியா எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்தில் ஊதா நிற வடக்கு கிழக்கு வழித்தடத்தில் ஏறுங்கள். அதே நிலையத்தில் நீல நிற டவுன்டவுன் வழித்தடமும் இருப்பதால் நிறத்தைப் பார்த்து நடைமேடைக்குப் போங்கள். ஹார்பர்ஃபிரண்ட் என்று எழுதியிருக்கும் பக்கம்தான் உங்களுடையது, எதிர்ப்பக்கம் பொங்கோல் கோஸ்ட் போகும். டோபி காட், கிளார்க் கீ, சைனாடவுன், ஊட்ரம் பார்க், அடுத்தது ஹார்பர்ஃபிரண்ட். அதுதான் கடைசி நிலையம், தவறவிட வழியே இல்லை. பெரியவருக்கு இரண்டு வெள்ளிக்குள் முடிந்துவிடும். அங்கிருந்து விவோசிட்டி பலகையைப் பார்த்துப் போய், நடப்பதானால் தரைத்தளம் (பலகையில் Level 1), செந்தோசா எக்ஸ்பிரஸ் என்றால் பலகையில் Level 3 என்று இருக்கும் தளம். தீவில் ரிசார்ட்ஸ் வேர்ல்டு முதல் நிறுத்தம், அங்கேயே இறங்க வேண்டும்.

அட்டை விஷயத்தில் எல்லோரும் தடுமாறுகிறார்கள். ஒரே அட்டையைக் காட்டிக் குடும்பத்தோடு எம்ஆர்டிக்குள் போக முடியாது, ஆளுக்கு ஒன்று வேண்டும். வெளிநாட்டு வங்கியின் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளைத் தட்டினால், பயன்படுத்தும் ஒவ்வொரு நாளுக்கும் அட்டைக்கு 60 காசு (சிங்கப்பூர் சென்ட்) கூடுதலாகப் பிடிப்பார்கள். இது ஏமாற்று அல்ல, நிர்வாகக் கட்டணம். சில நாள் தங்குவதானால் ஈசி-லிங்க் என்ற முன்பணப் பயண அட்டை வாங்கிக்கொள்வது நல்லது. 0.9 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள குழந்தை, கட்டணம் செலுத்தும் பெரியவரோடு வந்தால் எம்ஆர்டியிலும் பேருந்திலும் இலவசம். ரயிலுக்குள் பிள்ளைக்குப் பிஸ்கட்கூடக் கொடுக்காதீர்கள், உண்பதற்கும் குடிப்பதற்கும் 500 வெள்ளி வரை அபராதம் உண்டு. பசியாற வைத்துக் கூட்டிப் போங்கள்.

டிக்கெட்டைக் காட்சியகத்தின் இணையதளத்தில் அல்லது அங்குள்ள முகப்பில் வாங்குங்கள். உறுதிச்சீட்டு உங்கள் மின்னஞ்சலுக்கு நேராக வர வேண்டும், இன்னொருவர் கைபேசியிலிருந்து படமாக வரக்கூடாது. அட்டையில் கட்டுங்கள். பேநவ் (சிங்கப்பூரின் உடனடிப் பணப் பரிமாற்றம்), யூபிஐ வழியாகத் தனியாள் கணக்குக்குப் போன பணத்தைத் திரும்ப வாங்குவது மிகக் கடினம். அட்டையென்றால் வங்கியில் ஆட்சேபம் எழுப்பலாம்.

ஏமாந்துவிட்டால் வாசலில் நின்று விற்றவரை மறுபடி மறுபடி அழைத்துக்கொண்டிருக்காதீர்கள். முதல் அழைப்பு உங்கள் வங்கிக்கு. அடுத்தது சிங்கப்பூரில் மோசடி உதவி எண் 1799. பணம் இந்தியக் கணக்கிலிருந்து போயிருந்தால் 1930. அதன் பிறகு காவல்துறையில் எழுத்துப்பூர்வமாகப் புகார். டிக்கெட் ஏன் செல்லவில்லை, எப்போது பயன்படுத்தப்பட்டது என்று வாசல் ஊழியரிடம் கேட்டு, திரையைக் காட்டினால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். விற்றவர் பேச்சை அழிக்கும் முன் வாட்ஸ்அப் உரையாடல், கணக்குப் பெயர், பரிமாற்ற எண், வேனின் பதிவெண் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிடுங்கள்.