அமெரிக்கச் சுவர்ப்படத் தொகுப்பு: வாங்கலாம், திருத்தி மாட்டினால்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்தில் பள்ளிப் பொருள் கடைகளில் கிடைக்கும் தமிழ்ச் சுவர்ப்படத் தொகுப்பு இது. 1492 முதல் 1680 வரை, ஐரோப்பியர் அமெரிக்காவுக்குப் போனதும் அங்கிருந்த மக்களுக்கு நேர்ந்ததும் 14 தாள்களில். ஒவ்வொன்றும் 84 செ.மீ. உயரம், 59 செ.மீ. அகலம், பிளாஸ்டிக் உறையோடு. முழுத் தொகுப்பு 85 வெள்ளி (ரிங்கிட்), தனித்தாள் 7 வெள்ளி. தமிழ்ப்பள்ளி நூல்நிலையத்துக்கும் கோயில் மண்டபத்து டியூஷன் வகுப்புக்கும் இந்த விஷயத்தில் தமிழில் இவ்வளவு விவரமாக வேறொன்று கைக்கு எட்டவில்லை. அதனால் வாங்கலாம். ஆனால் மாட்டுவதற்கு முன் வெள்ளை ஸ்டிக்கரும் அழியாத மையும் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார வேண்டும்.

முதலில் மூன்றாம் தாள். 1495இல் கரீபியக் கடலின் எஸ்பானியோலா தீவில் கொலம்பஸ் விதித்த தங்க வரி. தங்கம் கிடைக்கும் பகுதிகளில் 14 வயது நிரம்பிய ஒவ்வொரு தயினோவும் (அத்தீவின் பூர்வகுடி) மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வேட்டைப் பருந்தின் காலில் கட்டும் மணி நிறையத் தங்கத்தூள் கொடுக்க வேண்டும். எழுத்தெல்லாம் சரி. படம்தான் கவிழ்த்துவிட்டது. வரைந்தவர் கோயில் மணியை வரைந்திருக்கிறார். அதைப் பார்க்கும் பிள்ளை, "இவ்வளவு தங்கத்தை யாரால் கொடுக்க முடியும்?" என்று கதையையே நம்பாது. உண்மையான மணி பரதநாட்டியச் சலங்கையில் கோர்த்திருக்கும் மணி போன்றது, உள்ளங்கையில் அடங்கிவிடும். பழைய சலங்கையிலிருந்து ஒன்றைக் கழற்றி, நூலில் கட்டித் தாளின் ஓரத்தில் தொங்கவிடுங்கள். அப்புறம்தான் உண்மையான சிக்கல் புரியும்: அந்தச் சின்ன மணியைக்கூட நிரப்ப முடியவில்லை. அங்கிருந்தது ஆற்று மணலில் அரித்தெடுக்கும் தங்கம், அதுவும் கொஞ்சம். கொடுத்தவருக்குக் கழுத்தில் மாட்ட ஒரு செம்புவில்லை, கொடுக்காதவருக்குத் தண்டனை. ஆள்கள் மலைக்கு ஓடினார்கள், மரவள்ளி மேடுகள் பராமரிப்பில்லாமல் கிடந்தன, பஞ்சம் வந்தது. இந்தக் கடைசிக் கண்ணி தாளில் இல்லை. எழுதிச் சேர்க்க வேண்டும்.

பெரிய தவறு ஐந்தாம் தாளில். ஸ்பானியரின் 'என்கொமியேந்தா' முறையைக் 'கங்காணி முறை' என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். நம் தோட்டத்துப் பிள்ளைக்கு உடனே பிடிபடும் சொல், அதனாலேயே ஆபத்து. கங்காணி தன் ஊருக்குப் போய்த் தோட்ட வேலைக்கு ஆள் கூட்டி வந்தார். கூலி உண்டு, கடனும் உண்டு, கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. என்கொமியேந்தா அப்படி ஆள் கூட்டும் முறையல்ல. ஏற்கெனவே இருந்த ஓர் ஊரின் உழைப்பும் வரியும் ஒரு ஸ்பானியன் பெயரில் எழுதப்பட்டன. பதிலுக்கு அவன் அவர்களைப் பாதுகாத்துக் கிறிஸ்துவ சமயம் கற்பிக்க வேண்டும் என்பது காகிதத்தில் இருந்த கடமை. சட்டப்படி நிலம்கூட அவனுக்குச் சேராது. கங்காணி என்ற சொல்லை விட மனமில்லை என்றால், ஓரளவு பொருந்துவது தயினோ ஊர்த்தலைவரான காசிக்கேவுக்கு. ஆள் கணக்கு ஒப்படைக்கும் பொறுப்பு அவர் தலையில்தான் விழுந்தது. தலைப்பின்மேல் ஸ்டிக்கர் ஒட்டி 'ஊரையே ஒப்படைத்தல்' என்று எழுதினால் போதும். இதே தாளில் 1511இல் எஸ்பானியோலாவின் சாண்டோ டொமிங்கோ நகரில் மொண்டெசினோஸ் பாதிரியார் இந்தக் கொடுமையைக் கண்டித்துப் பேசிய பிரசங்கமும், இந்த முறையைக் கட்டுப்படுத்த ஸ்பெயின் அரசு போட்ட 1512இன் புர்கோஸ் சட்டங்களும், 1542இன் 'புதிய சட்டங்களும்' வரிசையாக, பிழையில்லாமல் இருக்கின்றன.

இன்றைய பொலிவியாவில் உள்ள பொட்டோசி வெள்ளிச் சுரங்கம் பற்றிய தாள் தொகுப்பிலேயே சிறந்தது. 1570களில் ஸ்பானிய வைஸ்ராய் தொலேதோ ஒழுங்குபடுத்திய, முறைவைத்துக் கட்டாய வேலைக்கு ஆள் எடுக்கும் மீத்தா முறையை, 16 மாகாணங்களில் வளர்ந்த ஆண்களில் ஏழில் ஒருவர் என்று ஏழு பொம்மைகள் வரைந்து ஒன்றுக்கு மட்டும் நிறம் தீட்டிக் காட்டியிருக்கிறார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 13,500 பேர். கூலி உண்டு, ஆனால் வயிற்றுக்குப் போதாது. குடும்பத்தோடும் சுமை தூக்கும் லாமா விலங்குகளோடும் நடந்து போனவர்களில் பலர் திரும்பவில்லை. பிடிபடாமலிருக்கத் தப்பிப்போனவர்களாலும் ஊர்கள் காலியாயின. ஒரு வார்த்தை மாற்றத் தேவையில்லை.

நோய்த் தாளில் இறந்தவர்கள் தொகை என்று ஒரே ஓர் எண்ணைச் சிவப்பில், கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அதை மூடிவிடுங்கள். 1492க்கு முன் அங்கே எத்தனை பேர் இருந்தார்கள் என்பதற்கே ஆய்வாளர் கணிப்பு 80 லட்சத்திலிருந்து 10 கோடிக்கு மேல்வரை போகிறது. பல இடங்களில் பத்தில் ஒன்பது பேர்வரை குறைந்தார்கள் என்பதோடு நிறுத்துவது நேர்மை. பெரியம்மை 1518 கடைசியில் எஸ்பானியோலாவிலும் 1520இல் மெக்சிகோவிலும் பரவியது. மெக்சிகா (அஸ்டெக்) அரசர் குயித்லாவாக் அதில் இறந்தார். "மலாக்காவையும் 1511இல் போர்த்துகீசியர் பிடித்தார்களே, இங்கே ஏன் அப்படி மக்கள் மடியவில்லை?" என்று கெட்டிக்காரப் பிள்ளை கேட்கும். தொகுப்போடு வரும் கையேட்டில் பதில் இல்லை. அரபு, குஜராத்தி, சீன வணிகர் வந்துபோன துறைமுகம் மலாக்கா. பெரியம்மை இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. அமெரிக்க மக்கள் அதைக் கண்டதே இல்லை. அத்தோடு கட்டாய உழைப்பும் பசியும் சேர்ந்ததால், படுத்தவர்களுக்குக் கஞ்சி காய்ச்சக்கூட ஆளில்லாமல் போனது.

ஸ்பானியத் தளபதி கோர்ட்டேஸ் பற்றிய தாளில் ஐந்நூறு சொச்சம் வீரர்கள் மெக்சிகா பேரரசை வென்றதாக வருகிறது. மெக்சிகாக்களின் எதிரிகளான திலாஸ்கலா நாட்டாரும் மற்ற உள்ளூர்க் கூட்டாளிகளும் ஆயிரக்கணக்கில் சேர்ந்து நின்றிராவிட்டால் 1521 ஆகஸ்ட் 13 அன்று தலைநகர் தெனோச்தித்லான் விழுந்திருக்காது. ஒரு வரி சேர்த்தால் சரியாகிவிடும்.

தொகுப்பு முழுக்கச் 'செவ்விந்தியர்' என்றே இருக்கிறது. பள்ளிப் பதிவில் 'இந்தியர்' என்று எழுதப்படும் நம் பிள்ளைகளுக்கு இது கூடுதல் குழப்பம். தயினோ, மெக்சிகா, கெச்சுவா, வாம்பனோவாக், புவெப்ளோ என்று அந்தந்தப் பெயரை எழுதலாம். எல்லாம் 'வாழ்ந்தார்கள்' என்று முடிவதும் பிழை. கெச்சுவா மொழியை இன்றும் லட்சக்கணக்கானோர் பேசுகிறார்கள். 1680இல் கயிற்றில் முடிச்சுப் போட்டு நாள் குறித்து, ஸ்பானியரைப் பன்னிரண்டு ஆண்டுகள் வெளியேற்றி வைத்த புவெப்ளோ மக்களின் ஊர்கள் நியூ மெக்சிகோவில் இன்றும் இருக்கின்றன.

பயிர்த் தாளில் மிளகாய், தக்காளி, மரவள்ளி, நிலக்கடலை, அன்னாசி எல்லாம் உண்டு. ரப்பர் இல்லை! பேராக்கில் விற்கும் படத்தில் இதை எப்படி விட்டார்களோ. மெசோஅமெரிக்க (மெக்சிகோவும் அதன் தெற்குப் பகுதியும்) மக்கள் ஐரோப்பியர் வருவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முன்பே, வேறொரு ரப்பர் மரத்தின் பாலில் ஒரு கொடியின் சாற்றைக் கலந்து பந்து செய்தார்கள். நம் தோட்டத்து ரப்பர் மரத்தின் விதையோ 1876இல் பிரேசிலிலிருந்து விக்கம் என்ற ஆங்கிலேயர் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனது. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன, சில கோலகங்சாரில் நடப்பட்டன. அந்தக் காலத்துக் கிழமரம் ஒன்று அங்கே இன்னும் நிற்கிறது. படம் எடுத்து ஒட்டிக்கொள்ளலாம்.

தாள்களின் உறையை விளிம்போடு ஒட்ட வெட்டிவிட்டதால் மழைக்காலத்தில் ஈரம் புகுந்து ஓரம் பிரிகிறது. ஐந்து மில்லிமீட்டர் விட்டிருக்க வேண்டும். வாங்கியதும் நான்கு ஓரமும் அகலமான ஒளிபுகு டேப் ஒட்டுங்கள். சுண்ணாம்புச் சுவரில் இருபக்க டேப் நிற்காது, பொடியோடு உரிந்து வரும். மேலே இரண்டு துளை போட்டு ஆணியில் மாட்டுவதே நல்லது. கையில் 20 வெள்ளிதான் என்றால் மூன்றாம் தாளும் பொட்டோசித் தாளும் போதும். மீதிக்கு ஸ்டிக்கர் வாங்கலாம்.