கல்லடிக் கடற்காற்றில் பழைய ரீவியும் புது ரீவியும்: ஆறு வருஷ அனுபவம்

மட்டக்களப்பில், கல்லடி என்ற ஊரில் எங்கட வீட்டிலிருந்து கடற்கரைக்கு நடந்தால் ஐந்து நிமிஷம். வாடை தொடங்கினால் ஜன்னல் கம்பியில் கை வைக்க ஒட்டும். பூட்டு, சைக்கிள் செயின், ஃபேன் மூடி எல்லாம் இரண்டு வருஷத்தில் துருப்பிடித்துவிடும். இந்த வீட்டில் 2019 ஆடி மாதத்திலிருந்து ஒரு பழைய ரீவியையும், 2023 மார்கழியிலிருந்து ஒரு புது ரீவியையும் பாவித்திருக்கிறேன். "பழசு எடுக்கிறதா, கொஞ்சம் கூடப் போட்டுப் புதுசு எடுக்கிறதா" என்று சொந்தக்காரர், கூட வேலை செய்பவர்கள் என்று பலர் கேட்டுவிட்டார்கள். கடையில் நின்று யோசிக்கும்போது தோன்றாத விஷயங்கள்தான் பிறகு காசையும் நிம்மதியையும் தின்கின்றன. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பழைய ரீவி கல்முனையில் வாங்கியது. 40 இஞ்சி, ஜப்பான் கம்பனி, பின்பக்க லேபலில் 2010 என்று அடித்திருந்தது. எல்.சி.டி.தான், ஆனால் உள்ளே வெளிச்சம் தருவது எல்.ஈ.டி. இல்லை, மெல்லிய ரியூப் லைட்டுகள். விலை 22,000 ரூபா. அந்த நேரம் அதே அளவில் புதுசு ஒன்று அதைப் போல மூன்று மடங்குக்கு மேல் போனது.

வாங்கப் போகுமுன், ஆரையம்பதியில் எனக்குத் தெரிந்த ரீவி திருத்துகிற அண்ணன் ஒரே ஒரு விஷயம்தான் சொல்லி அனுப்பினார். "கடைக்குள்ள போனதும் படத்தப் பாக்காத. முதல்ல பின்னுக்குக் கைய வெச்சுப் பாரு. சூடா இருந்தா எடுக்காத."

காரணம் இதுதான். ரீவிக்குக் கரண்ட் கொடுக்கிற பவர் போர்டில் உள்ள கபாசிற்றர் (கரண்டைச் சேர்த்து வைத்து விடுகிற சின்ன உருளை) பழுதாகத் தொடங்கினால், குளிர்ந்து கிடக்கும் ரீவி லேசில் ஓன் ஆகாது. சிவப்பு லைட் மினுங்கும், டிக் டிக் என்று சத்தம் வரும், சில நேரம் பத்து நிமிஷம் கழித்துத்தான் படம் வரும். ஒரு தடவை சூடேறிவிட்டால் நல்ல பிள்ளை போல ஓடும். வாங்க ஆள் வருகிறது என்று தெரிந்தால் சிலர் முன்கூட்டியே ஒரு மணித்தியாலம் ஓடவிட்டு வைப்பார்கள். முதலில் போன கடையில் காட்டிய ரீவி அப்படித்தான், பின்பக்கம் வெதுவெதுவென்று இருந்தது. படம் அருமையாக இருந்தும் விட்டுவிட்டு வந்தேன்.

இரண்டாவது கடையில் இருந்த காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்), ரீவியை மேசையில் வைத்து, பிளக்கை என் கையிலேயே தந்தார். "நீங்களே போடுங்க தம்பி. அரை மணித்தியாலம் ஓட உட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க." பின்பக்கம் சில்லென்று இருந்தது. சுவிட்சைப் போட்டு பன்னிரண்டு செக்கனில் படம் வந்தது. பென் டிரைவில் முழு வெள்ளைப் படம் ஒன்றும் முழுக் கறுப்புப் படம் ஒன்றும் கொண்டு போயிருந்தேன். வெள்ளையில் மூலைகள் மங்கலா என்று பார்க்கலாம். கறுப்பில் விழுந்த அடி, அமத்திய தழும்பு எல்லாம் தெரியும். மேலிருந்து கீழாக மயிரிழை போல ஒரு கோடு இருந்தாலும் எடுக்கவே கூடாது. அது பெனலின், அதாவது படம் தெரிகிற கண்ணாடித் தட்டின், ஓரத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய இணைப்பு விடுகிற பழுது. நம்ம ஊர்ப் பட்டறையில் அதைச் சரியாக்க முடியாது. எச்.டி.எம்.ஐ. துளைகள் மூன்றிலும் வயரைக் கொழுவிப் பார்த்தேன், ஒன்று வேலை செய்யவில்லை. அதைச் சொல்லித்தான் விலை 22,000க்கு வந்தது.

எட்டு மாதம் ஒரு குறையும் இல்லை. பிறகு அண்ணன் சொன்ன அதே டிக் டிக் சத்தம் வந்தது. ஓட்டோவில் ஏற்றி ஆரையம்பதிக்குக் கொண்டுபோனேன். மூடியைக் கழற்றியதும் அவர் விரலால் காட்டினார். வரிசையாக நின்ற கபாசிற்றர்களில் இரண்டின் தலை மட்டும் ரொட்டி பொங்கியது போல உப்பியிருந்தது. மற்றவை தட்டையாக நின்றன. அவற்றில் 1000 மைக்ரோஃபரட், 10 வோல்ட் என்று எழுதியிருந்தது. அதே கொள்ளளவில் 16 வோல்ட் தாங்கக்கூடியதை காத்தான்குடியில் வாங்கி வந்து போட்டார். சாமானும் கூலியும் சேர்த்து 1,500 ரூபா. அன்றிலிருந்து இன்றுவரை பவர் போர்டில் அவர் வேறு எதிலும் கை வைக்கவில்லை.

அடுத்தது 2021 கார்த்திகை மழை. திரையின் பாதியில் நிறம் கலங்கி, ஆட்களின் முகம் பச்சையாகிவிட்டது. பெனல் போய்விட்டது என்று மனம் உடைந்துதான் கொண்டுபோனேன். அவர் உள்ளே இருந்த ரிபன் வயரைக் கழற்றி, முனையை வெளிச்சத்துக்குப் பிடித்துக் காட்டினார். செப்புக் கோடுகளில் பாசி பிடித்தது போலப் பச்சை. உப்புக் காற்றும் ஈரமும் செய்த வேலை. பக்கத்தில் பிள்ளைகளின் பெட்டியில் கிடந்த அழிரப்பரை எடுத்து, மெதுவாகத் தேய்த்து, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து மறுபடி சொருகினார். படம் முழுசாக வந்தது. இருபது நிமிஷ வேலை. காசு வேண்டாம் என்றார், நான்தான் 500 ரூபாவை மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

நான் சொல்ல வருவதன் சாரம் இந்த இரண்டு திருத்தங்களிலும் இருக்கிறது. அந்த ரீவியைத் திறக்க முடிந்தது. பவருக்கு ஒரு போர்ட், வெளிச்சத்துக்கு ஒரு போர்ட், படத்துக்கு ஒரு போர்ட் என்று தனித்தனியாக இருந்ததால் எது பழுது என்று கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்க முடிந்தது. கடலோரத்தில் எந்தச் சாமானும் பழுதாகத்தான் செய்யும். பழுதானால் பக்கத்து ஊரில் ஒருவர் அதைத் தொட முடியுமா என்பதைத்தான் இங்கே இருக்கிறவர்கள் முதலில் கேட்க வேண்டும்.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய ரீவி கனமும் தடிப்பும். அதனால் உள்ளே பெரிய ஸ்பீக்கர் வைக்க இடம் இருந்திருக்கிறது. 2022 செப்டெம்பர் 11ஆம் திகதி டுபாயில் இலங்கை பாகிஸ்தானை வென்று ஆசியக் கிண்ணம் எடுத்த இரவு, எங்கட ஹோலில் பதினைந்து பேர் இருந்திருப்போம். இத்தனை பேர் கத்தின சத்தத்துக்கு மேலால் வர்ணனை தெளிவாகக் கேட்டது. அதே வருஷம் மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை கரண்ட் இல்லாமல் இருந்து, போய்ப் போய் வந்த அத்தனை தடவையையும் அந்த ரீவி தாங்கியது.

ஆனால் அதே 2022தான் அந்த ரீவியின் மறுபக்கத்தையும் காட்டியது. ஓகஸ்ட்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் ஏறியது. 2023 பெப்ரவரியில் இன்னும் 66 வீதம். லேபலைப் பார்த்துக் கணக்குப் போட்டேன். 180 வாட், எங்கட வீட்டில் நாளுக்கு ஆறு மணித்தியாலம், மாதத்துக்கு 32 யுனிட்டுக்குக் கிட்ட. 85 வாட் எல்.ஈ.டி. ரீவி என்றால் 15 யுனிட்தான். வித்தியாசம் 17 யுனிட் என்றால் சின்னதாகத் தெரியும். ஆனால் மாதத்துக்கு 90 யுனிட்டைச் சுற்றி ஓடுகிற வீடு எங்களுடையது. அந்தக் கோட்டைத் தாண்டினால் யுனிட் விலையும் கூடும், நிலைக்கட்டணமும் கூடும். பழசு வாங்குகிற எவரும் விலையை மட்டும் பார்க்காமல் பின்பக்கத்து வாட் கணக்கையும் பார்த்துவிட்டுத்தான் பேரம் பேச வேண்டும். நான் அதை 2019இல் பார்க்கவில்லை.

வெளிச்சமும் குறைந்துகொண்டு வந்தது. ரியூப்கள் வயசாக வயசாக மங்கி, வெள்ளை நிறம் மஞ்சளிக்கும். பகலில் ஜன்னல் சீலையை இழுத்துவிட்டால்தான் பார்க்கலாம் என்ற நிலை வந்தபோது, 2023 மார்கழியில் மட்டக்களப்பு டவுனில் புதுசு எடுத்தோம். 43 இஞ்சி, 4கே, ஸ்மார்ட். 128,000 ரூபா.

முதல் நாள் படத்தைப் பார்த்து மகள் கைதட்டினாள். நியாயமான கைதட்டல். நிறம், தெளிவு, பக்கவாட்டில் இருந்து பார்க்கிற வசதி எதிலும் பழையது கிட்ட நிற்காது. சுவரில் மாட்ட ஒரு ஆள் போதும். கரண்ட் பில் அடுத்த மாதமே 90 யுனிட்டுக்குக் கீழே வந்தது. அதெல்லாம் உண்மையான இலாபம்.

பதினான்காவது மாதம் ஒரு இரவு, நாடகம் ஓடிக்கொண்டிருக்க, திரை கறுத்துவிட்டது. சத்தம் மட்டும் வந்தது. போனின் ரோச்சை அடித்து, திரைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தால் உள்ளே மங்கலாக ஆட்கள் நடமாடுவது தெரிந்தது. அப்படித் தெரிந்தால் பெனல் நல்லது, பின்னால் இருக்கும் எல்.ஈ.டி. பட்டிதான் போயிருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சின்னச் சின்ன லைட்டுகள் மாலை கோர்த்தது போல ஒன்றுக்குப் பின் ஒன்றாக இணைத்திருக்கும். ஒன்று எரிந்து பழுதானால் மற்றதெல்லாம் அணையும்.

வொரண்டி இருந்தது. கடையில் எடுத்துக்கொண்டார்கள். ஐந்து கிழமை கழித்து அழைப்பு வந்தது. உள்ளே போர்டில் ஈரத்தால் வந்த அரிப்பு இருக்கிறது, அப்படியான பழுதுக்கு வொரண்டி செல்லாது, திருத்த 18,500 ரூபா என்றார்கள். வொரண்டி அட்டையை எடுத்துப் பார்த்தேன். எறும்பு அளவு எழுத்தில் அந்த வரி உண்மையாகவே இருந்தது. கல்லடியில் வாழ்கிறவனுக்கு ஈரத்தால் வராத பழுது எது? எரிந்தது எல்.ஈ.டி. பட்டி, அரிப்பு இருந்தது வேறு இடத்தில். அதைச் சொல்லி வாதாடியும் பலன் இல்லை. அந்த வேதனை எனக்கு இன்னும் ஆறவில்லை. புதுசு வாங்குகிறவர்கள் காசைக் கொடுக்குமுன் அந்த அட்டையைக் கடையிலேயே நின்று வாசியுங்கள். ஈரம், உப்பு, பூச்சி, மின்னல் என்ற சொற்கள் எங்கே வருகின்றன என்று பாருங்கள்.

திருத்தாமலே ரீவியைத் திருப்பி எடுத்து ஆரையம்பதிக்குக் கொண்டுபோனேன். பெனலைக் கழற்றுகிறபோது அண்ணனுக்கே கை நடுங்கியது. மெல்லிய கண்ணாடி, இரண்டு பேர் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது. பட்டிகளை மாற்றி 9,000 ரூபாவுக்கு முடித்துத் தந்தார். பிறகு ரிமோட்டை வாங்கி மெனுவுக்குள் போய், 100இல் நின்ற பின்வெளிச்சத்தை 55க்கு இறக்கினார். "கடையில எடுப்பாக் காட்டுறதுக்கு வெச்சது இது. வீட்டுக்கு இவ்வளவு தேவல்ல. லைட் சூட்டிலதான் சாகுது." புது ரீவி வைத்திருக்கிற எவரும் இன்றைக்கே செய்யக்கூடிய வேலை இது. கண்ணுக்கும் இதமாக இருக்கிறது.

ஸ்மார்ட் என்ற சொல்லுக்காக மட்டும் யாரும் கூடக் காசு கொடுக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். என் பழைய ரீவியிலும் ஒரு யூடியூப் பொத்தான் இருந்தது. 2015 ஏப்ரலில் யூடியூப் தன் பழைய இணைப்பு முறையை நிறுத்தியதோடு 2012வரை வந்த பல ரீவிகளில் அது செத்துவிட்டது. 2019 டிசம்பரில் பழைய சாம்சங் ரீவிகள் சிலவற்றில் நெட்ஃபிளிக்ஸும் அப்படியே நின்றது. படம் காட்டுகிற பெனல் பத்து வருஷம் போகும், அதனுள் இருக்கும் மென்பொருள் அவ்வளவு காலம் போகாது. எச்.டி.எம்.ஐ. துளை ஒன்று நல்லதாக இருந்தால் வெளியே ஒரு சின்னப் பெட்டி கொழுவி எந்த ரீவியையும் ஸ்மார்ட் ஆக்கலாம். என் புது ரீவியில் இப்பவே யூடியூப் திறக்க எண்ணிப் பதினைந்து வரை ஆகிறது.

இரண்டுக்கும் பொதுவாக இரண்டு எச்சரிக்கை. பல்லி. பின்பக்கக் காற்றோட்டத் துளைக்குள் சூட்டுக்குப் போய்ப் படுத்து, போர்டில் விழுந்து, தானும் செத்து ரீவியையும் எரித்துவிடும். மெல்லிய நுளம்பு வலைத் துண்டை அந்தத் துளைகளுக்கு மேல் ஒட்டியிருக்கிறேன், காற்றும் போகும். மற்றது, ஐப்பசி கார்த்திகை மின்னலுக்கு பிளக்கைக் கழற்றினால் மட்டும் போதாது, டிஷ் வயரையும் கழற்ற வேண்டும். எங்கட ஒழுங்கையில் போன வருஷம் ஒரு வீட்டில் பிளக் கழற்றிய ரீவிதான் எரிந்தது. இடி வந்த வழி டிஷ் வயர்.

இன்றைக்கு ஒருவர் கேட்டால் நான் சொல்வது: நாளுக்கு ஐந்தாறு மணித்தியாலம் ஓடுகிற வீட்டுக்கு ரியூப் லைட் உள்ள பழசு வேண்டாம். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் வந்த, எல்.ஈ.டி. வெளிச்சமுள்ள, நல்ல கம்பனி ரீவி பாவித்தது கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு இல்லை, பின்பக்கத்தில் கையை வைத்துப் பார்த்து எடுங்கள். கேள்விப்படாத பெயரில் மலிவாக வருகிற புதுசைவிட அது மேல். கையில் காசு இருந்து புதுசுதான் என்றால், உங்கள் ஊரில் திருத்துகிறவரிடம் முதலில் போய், எந்தக் கம்பனிக்கு பட்டியும் போர்ட்டும் கிடைக்கிறது என்று கேட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள்.

பழைய ரீவியை நான் விற்கவில்லை. களுவாஞ்சிக்குடியில் அம்மாவின் வீட்டில், வாவிப் பக்கத்து அறையில் இருக்கிறது. அம்மா பின்னேரம் செய்தியும் ஒரு நாடகமும் பார்ப்பா, இரண்டு மணித்தியாலம். மாதத்துக்குப் பதினொரு யுனிட்கூட வராது. அந்த அறை இருட்டு, மங்கிய வெளிச்சம் அவவுக்குப் போதும். புதுசு ஒன்று எடுத்துத் தரவா என்று கேட்டேன். "வேணாம் மனே, இதுட சத்தம்தான் எனக்குக் காதில விழுது" என்றா.

போன மாதம் அதே மொடலில் பெனல் உடைந்த ரீவி ஒன்றை கல்முனைக் காக்காவிடம் 3,000 ரூபாவுக்கு எடுத்தேன். அண்ணன் அதைப் பிரித்து, போர்ட்களையும், மங்காத ரியூப்களையும், ரிபன் வயரையும் தனித்தனியாகப் பத்திரிகைத் தாளில் சுற்றி, மேலே பேனையால் எழுதித் தந்தார். அம்மாவின் அலுமாரிக்கு மேல் ஒரு காட்போட் பெட்டிக்குள், ஈரம் படாமல் அரிசிப் பை ஒன்றும் போட்டு வைத்திருக்கிறேன்.