காய்ச்சலோடு பேச்சு மாறினால் 'ஜன்னி' என்று விட்டுவிடாதீர்கள்

தம்பிக்கு 27 வயது. மூன்று நாள் காய்ச்சல், மண்டையைப் பிளக்கிற தலைவலி, வாந்தி. வடசென்னையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிற ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்தோம். வைரல் ஃபீவர்தான் என்று டிரிப்ஸ் ஏற்றினார்கள், டெங்கு, டைபாய்டு என்று ஒவ்வொரு டெஸ்டுக்கும் பணம் கட்டவைத்தார்கள், எதிலும் ஒன்றும் வரவில்லை.

அன்று ராத்திரி திடீரென்று எழுந்து உட்கார்ந்து, "அக்கா, பால் கருகுது பாரு" என்றான். அங்கே அடுப்பும் இல்லை, பாலும் இல்லை. அரை மணிக்கு ஒரு தடவை அதையே சொன்னான், அப்புறம் என்னையே அம்மா என்று கூப்பிட ஆரம்பித்தான். ஓடிப்போய் டியூட்டி டாக்டரிடம் சொன்னால், "காய்ச்சல் ஜன்னிம்மா, தூங்கினா சரியாயிடும்" என்று தூக்க ஊசி போடச் சொன்னார். காலையில் சி.டி. ஸ்கேன் எடுத்துவிட்டு நார்மல், பயமில்லை என்றார்கள். நாங்களும் நம்பினோம். மதியம் வலிப்பு வந்துவிட்டது.

108-ஐ வரவழைத்து சென்ட்ரல் எதிரே இருக்கிற ஜி.எச்.சுக்குக் கொண்டுபோனோம். அங்கே டெஸ்டுக்காக முதுகில் ஊசி குத்தி, மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கிற நீரைக் கொஞ்சம் எடுத்தார்கள், அதன் ரிசல்ட் வருவதற்கு முன்பே ஏசைக்ளோவிர் மருந்தை நரம்பில் ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். ஹெர்பிஸ் வைரஸ் மூளைக்காய்ச்சல். உதட்டில் கொப்புளம் வரவழைக்கிற அதே வைரஸ்தான், காதுக்குப் பக்கத்தில் இருக்கிற மூளைப் பகுதியைத் தாக்கும், அதனால்தான் இல்லாத வாசனையும் நினைவுத் தடுமாற்றமும் என்று டாக்டர் விளக்கினார். முதல் சில நாளில் சி.டி.யில் ஒன்றும் தெரியாமல் போகலாமாம், எம்.ஆர்.ஐ.தான் காட்டிக்கொடுக்கும். மருந்தே கொடுக்காமல் விட்டால் 10 பேரில் 7 பேர் பிழைப்பதில்லை. தம்பிக்கு 21 நாள், 8 மணி நேரத்துக்கு ஒரு தடவை ஏற்றினார்கள். பிழைத்துவிட்டான், ஆனால் காலையில் என்ன சாப்பிட்டான் என்று மதியம் கேட்டால் இன்னும் முழிக்கிறான்.

பாக்டீரியாவால் மூளையைச் சுற்றியிருக்கிற உறையில் தொற்று வந்தால் இன்னும் அவசரம், மணிக்கணக்கில் ஆளைக் கொண்டுபோய்விடும். மோவாயை நெஞ்சோடு சேர்க்க முடியாமல் கழுத்து விறைக்கும், வெளிச்சம் பார்த்தால் கண் கூசும். ஆனால் கழுத்து விறைக்கவில்லை என்பதற்காக நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், தம்பிக்குக் கழுத்து நன்றாகத்தான் இருந்தது. காய்ச்சலோடு ஆளைத் தெரியவில்லை, பேச்சு மாறுகிறது, வலிப்பு வருகிறது என்றால், "முதுகு நீர் எடுத்தீர்களா, எம்.ஆர்.ஐ. எடுத்தீர்களா" என்று கேளுங்கள், அங்கே வசதி இல்லை என்றால் உடனே கிளம்புங்கள். முதுகில் நீர் எடுத்தால் கால் விழுந்துவிடும் என்று எங்கள் பெரியம்மா அழுது தடுத்தார். ஊசி குத்துவது தண்டுவடம் முடிந்த இடத்துக்கும் கீழே, அந்தப் பயமே வேண்டாம்.

அந்த நர்சிங் ஹோமில் கேஸ் ஷீட் நகல் கேட்டு எழுதிக் கொடுத்து மூன்று வாரம் ஆகிறது. கேட்ட 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்று 2002 மருத்துவ கவுன்சில் விதியிலேயே இருக்கிறது. நாளைக்கு மறுபடியும் போகிறேன்.