கன்னியர் மடத்தில் ஒரு 'வந்து பாருங்கள்' வார இறுதி: அம்மாமாருக்காக

துறவறத்தில் ஆசையுள்ள பெண்பிள்ளைகளுக்காகக் கொழும்பில் ஒரு மடம் நடத்தும் தங்கல் நிகழ்ச்சிக்குத் தங்கச்சிக்குத் துணையாகப் போய் வந்தேன். கொட்டாஞ்சேனையில் எங்கள் பக்கத்து அம்மாமார் பூசை முடிந்து 'பிள்ளையை அங்கே அனுப்பலாமா' என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன். பயப்படாமல் அனுப்பலாம்.

ஏனென்றால் அங்கே யாரும் பிள்ளைகளைப் பிடித்து வைக்கப் பார்க்கவில்லை. பயிற்சிக்குப் பொறுப்பான சிஸ்டர் முதல் நாளே முழு வழியையும் சொல்லிவிட்டார்: முதலில் மடத்தோடு தங்கிப் பழகும் காலம், பிறகு நொவிசியேட், அதாவது நொவிஸாக இருந்து துறவற வாழ்க்கையைப் பயிலும் காலம். 17 வயது நிறையாமல் அதில் சேர்க்கவே கூடாது. திருச்சபைச் சட்டப்படி குறைந்தது 12 மாதம் இருக்க வேண்டும், அதற்குள் 3 மாதத்துக்கு மேல் வெளியே நின்றுவிட்டால் அந்த நொவிசியேட் செல்லாது. அப்புறம் எடுக்கும் முதல் வார்த்தைப்பாடும் (ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதலோடு வாழ்வேன் என்று கடவுளுக்குக் கொடுக்கும் வாக்கு) தற்காலிகமானதுதான், வாழ்நாள் முழுவதற்குமான நித்திய வார்த்தைப்பாட்டுக்குக் குறைந்தது 3 வருஷம், பொதுவாக 6 வரை, சிலருக்கு 9 கூட ஆகலாம். நொவிஸாக இருக்கும்போது விரும்பினால் எப்போதும் வீட்டுக்குத் திரும்பலாம் என்று அவர் பிள்ளைகள் முன்னாலேயே சொன்னார். மடத்திலிருந்து திரும்பி வந்த பிள்ளையைப் பற்றி எங்கள் சனம் என்னவெல்லாம் கதைக்கும் என்று தெரிந்தவர்களுக்கு அந்த வார்த்தையின் அருமை விளங்கும்.

விடிய முன் மணி, காலைச் செபம், பூசை, பிறகு தேங்காய் துருவுவது முதல் முற்றம் கூட்டுவது வரை வேலை, பின்னேரம் நற்கருணை ஆராதனை, இராச் செபத்துக்குப் பிறகு மௌனம். ஃபோனை வாங்கி வைத்துவிடுவார்கள். சாப்பாடு எளிமை, ஆனால் நல்லது. கட்டணம் இல்லை, விரும்பினால் காணிக்கை.

எனக்கு மிகவும் பிடித்தது கீழ்ப்படிதல் பற்றிய அமர்வு. ஓர் இளம் சிஸ்டர், படிப்பிக்க ஆசைப்பட்ட தன்னை முதியோர் இல்லத்துக்கு அனுப்பினார்கள், பல இரவு அழுதேன் என்று மறைக்காமல் சொன்னார். ஏழ்மை, கற்பு பற்றியும் இதே மாதிரி ஆற அமரக் கதைத்திருக்கலாம், அவசரமாக முடித்துவிட்டார்கள்.

பெரிய குறை மொழி. அநேகமாக எல்லாமே சிங்களத்திலும் ஆங்கிலத்திலும்தான். மலையகத்திலிருந்து வந்த ஒரு பிள்ளை பாதி நேரம் ஒன்றும் விளங்காமல் இருந்தது, கடைசியில் நான்தான் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்தேன். வாழ்க்கை முழுவதையும் கொடுக்கலாமா என்று யோசிக்க வந்த பிள்ளைக்குத் தன் மொழியில் கேட்கவும் அழவும் இடம் வேண்டும். பதியும்போதே தமிழ் சிஸ்டர் ஒருவர் இருப்பாரா என்று கட்டாயம் கேளுங்கள்.