ஆயில்-ஃப்ரீ ரெசிப்ரோகேட்டிங் கேஸ் கம்ப்ரசர்: சிங்கப்பூர் வெக்கையில் நீண்ட நாள் ஓட்டம்

பிஸ்டன் முன்னும் பின்னும் ஓடி கேஸை அழுத்தும் இந்த மெஷினில், 'ஆயில்-ஃப்ரீ' என்ற பெயரை நம்பி எண்ணெய் அளவைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். கிராங்க் சுழலும் பெட்டியான கிராங்க்கேஸில் எண்ணெய் வழக்கம்போல் ஓடிக்கொண்டுதான் இருக்கும். சிலிண்டருக்குள் மட்டும் அது போகக்கூடாது. அதற்காகத்தான் நடுவில் டிஸ்டன்ஸ் பீஸ் என்ற இடைவெளி அறை: எண்ணெய் பட்ட பிஸ்டன் ராடின் பகுதி, சிலிண்டர் வாயில் கேஸ் கசியாமல் அடைக்கும் பேக்கிங்குக்குள் நுழையாதபடி, ஸ்ட்ரோக்கைவிட (பிஸ்டன் ஒருமுறை நகரும் தூரம்) நீளமாக இருக்கும். ராடில் ஒட்டிய எண்ணெயை வழித்தெடுக்கும் வைப்பர் ரிங் தேய்ந்தால் அங்குள்ள வடிகாலில் எண்ணெய் கூடும். அதைக் கவனிக்காமல் விட்டால், எண்ணெய் பிஸ்டனைச் சுற்றியுள்ள டெஃப்லான் ரிங்கின் தூளோடு கலந்து பசையாகி, ரிங்கைப் பள்ளத்திலேயே இறுக்கிவிடும். ஆக்சிஜன் லைன் என்றால் தீ அபாயமே உண்டு.

ரசாயன ஆலைகள் நிறைந்த ஜூரோங் தீவு மாதிரி இடங்களில் அதிகம் படுத்துவது தண்ணீர். கூலிங் டவர் தண்ணீர் 30 டிகிரி வாக்கில் வரும். இரண்டு ஸ்டேஜுக்கு (அழுத்தும் கட்டங்களுக்கு) நடுவே குளிர்விக்கும் இன்டர்கூலரைத் தாண்டிய கேஸோ 40 டிகிரியில், ஈரம் நிறைந்து இரண்டாம் ஸ்டேஜுக்குப் போகும். கூலிங் டவர் தண்ணீரையே சிலிண்டரைச் சுற்றியுள்ள ஜாக்கெட்டுக்கும் விட்டால், உள்சுவரில் ஈரம் வியர்க்கும். ஜாக்கெட் தண்ணீர் உள்ளே வரும் கேஸைவிடக் குறைந்தது 6 டிகிரி சூடாக இருக்க வேண்டும் என்று இவ்வகைக் கம்ப்ரசர்களுக்கான ஏபிஐ 618 தரநிலை சொல்வது இதனால்தான். குளிர்ச்சி கூடினால் நல்லது என்ற எண்ணம் இங்கே செல்லாது. கேஸிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் செப்பரேட்டரின் ஆட்டோ டிரெயினையும் (தானாகத் தண்ணீர் வடிக்கும் வால்வு) ஷிஃப்ட்டுக்கு ஒருமுறை கையால் திறந்து பாருங்கள்.

வேடிக்கை என்னவென்றால், கேஸ் மிகவும் காய்ந்திருந்தாலும் வம்புதான். கார்பன் கலந்த டெஃப்லான், எலும்பாய்க் காய்ந்த நைட்ரஜனில் சீக்கிரம் தேய்ந்துபோகும். ரிங் ஆர்டர் செய்யும்போது கேஸின் டியூ பாயின்ட்டையும் (ஈரம் திரளத் தொடங்கும் வெப்பநிலை) எழுதிக் கொடுங்கள்.

படுக்கை வசச் சிலிண்டரில் பிஸ்டனின் எடையைத் தாங்குவது ரைடர் ரிங். அது தேய்ந்து பிஸ்டன், சிலிண்டரின் உள்ளுறையான லைனரைத் தொட்டால் செலவு பல மடங்கு. ராட் எவ்வளவு இறங்கியது என்று அளக்கும் ராட் டிராப் புரோப் காட்டும் எண்ணையே தேய்மானமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. புரோப் இருப்பது பேக்கிங் அருகே, பிஸ்டனில் இறக்கம் அதைவிட அதிகம். ராடின் மறுமுனை மாட்டியிருக்கும் கிராஸ்ஹெட்டிலிருந்து பிஸ்டன் வரையுள்ள தூரத்தை, கிராஸ்ஹெட்டிலிருந்து புரோப் வரையுள்ள தூரத்தால் வகுத்து, புரோப் காட்டும் எண்ணை அந்த விகிதத்தால் பெருக்க வேண்டும்.

வால்வு கசிவு எளிதில் பிடிபடும். ஒரே ஸ்டேஜில் கேஸை உள்ளே விடும் சக்‌ஷன் வால்வு மூடிகளில் ஒன்று மட்டும் சூடாக இருந்தால் கேஸ் அங்கேதான் திரும்பி வருகிறது. இரண்டாம் ஸ்டேஜ் சக்‌ஷன் வால்வு கசிந்தால் இன்டர்ஸ்டேஜ் (இரு ஸ்டேஜுக்கும் நடுவிலுள்ள) அழுத்தம் ஏறும்; முதல் ஸ்டேஜில் கசிந்தால் இறங்கும். ஹைட்ரஜன் மிகுந்த கேஸில் டிஸ்சார்ஜ் (வெளியேறும் கேஸின்) வெப்பநிலை 135 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள்.

பழைய மெஷின்களில் சக்‌ஷன் வால்வும் டிஸ்சார்ஜ் வால்வும் ஒன்றின் இடத்தில் மற்றது உட்காரும். டிஸ்சார்ஜ் இடத்தில் சக்‌ஷன் வால்வு போனால் கேஸ் வெளியேற வழியிருக்காது. மாட்டுமுன் மூடிப் பக்கத்திலிருந்து மரக்குச்சியால் அழுத்திப் பாருங்கள். வால்வுக்குள் இருக்கும் தட்டு விலகினால் சக்‌ஷன், விலகாவிட்டால் டிஸ்சார்ஜ்.