வெண்கல புஷ்: பொடியா, வார்ப்பா?

சுங்கை சிப்புட்டில் செம்பனைக் குலை ஏற்றும் லோரிக்காரர்கள் பட்டறைக்கு வந்தால் கேட்பது இதுதான்: "தம்பி, எந்த புஷ் நல்லது?" புஷ் என்றால் தண்டு சுழலும் துளைக்குள் போடும் உலோகக் குழல். எங்கே போடப் போறீங்க அண்ணே, அதைச் சொல்லுங்க முதலில்.

ஸ்டார்ட்டர் மோட்டார் என்றால் பொடி வெண்கலம். செம்பு 90, வெள்ளீயம் 10 விழுக்காடு. பொடியை அச்சில் அழுத்திச் சூளையில் சுட்டெடுப்பது. கொள்ளளவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நுண்துளை, அதற்குள் எண்ணெய். தண்டு சுழன்று சூடேறினால் எண்ணெய் கசியும். ஆறினால் துளைகளே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். புது புஷ்ஷை லேசாகச் சூடுகாட்டிப் பாருங்கள், வியர்த்ததுபோல் பளபளக்கும். கிரீஸ் கன் எட்டாத இடத்துக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் பெட்ரோலில் கழுவாதீர்கள், உள்ளிருக்கும் எண்ணெய் போய்விடும். எமரித் தாளால் உள்ளே தேய்த்தால் துளை அடைபடும். நானே ஒன்றைத் தேய்த்துக் கெடுத்திருக்கிறேன். இரண்டே மாதத்தில் கீச்சென்று கத்தியது.

ஸ்பிரிங் ஷேக்கிள், அதாவது பட்டை ஸ்பிரிங்கை லோரிச் சட்டத்தோடு இணைக்கும் துண்டு, மெதுவாக ஆடும், தோட்டத்துக் குழியில் இடி வாங்கும். அங்கே உருக்கி ஊற்றிய வார்ப்பு வெண்கலம்தான் தாங்கும். ஆனால் அது சோம்பேறிக்கு ஆகாது: கிரீஸ் ஓட உள்ளே காடி வெட்டி, பழைய கிரீஸ் சேற்றோடு பிதுங்கி வெளியே வரும்வரை புதிது அடிக்க வேண்டும்.