ஜேர்மன் குளிருக்குச் செய்த ரப்பர் பூச்சுப் போத்தல், உப்புவெளிக் கடற்காற்றில்

கார்க் கதவு ரப்பருக்குப் பூசுகிற ஒரு சின்னப் போத்தலைப் பற்றி எழுதுகிறேன். ஜேர்மனியில் இருக்கும் அத்தான் இந்தமுறை வரும்போது கொண்டுவந்தார். வாயில் பஞ்சு வைத்த போத்தல், சப்பாத்துக்குப் பொலிஷ் போடுவதுபோல ரப்பரில் அழுத்தி இழுத்துக்கொண்டு போனால் சரி. "தம்பி, மாரி தொடங்குறதுக்கு முதல் ஒருக்காப் பூசிவிடு" என்று சொல்லித்தான் தந்தார். திருகோணமலையில் எங்கே பனி உறைகிறது, இது எதற்கு என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன், ஏனென்றால் கடலோரத்தில் கார் வைத்திருப்பவர்களுக்கு இது உண்மையிலேயே வேண்டிய சாமான்.

ஜேர்மனியில் நடப்பது இதுதான். மழையோ கழுவின தண்ணீரோ கதவு ரப்பருக்கும் தகரத்துக்கும் இடையில் மெல்லிய படலமாக நின்றுவிடும், இரவில் பூச்சியத்துக்குக் கீழே போனதும் அது உறைந்து கதவைப் பிடித்துக்கொள்ளும். காலையில் வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் கைபிடியைப் பலமாக இழுத்தால் ரப்பர் கிழியும், சில வேளை கைபிடியே முறியும். அதனால் அங்குள்ளவர்கள் முதலில் கதவை உடம்பால் உள்பக்கமாக நன்றாக அமத்தி, ஐஸ் உடைந்த பிறகுதான் இழுப்பார்களாம். கொதிதண்ணீர் ஊற்றுவது கூடவே கூடாது. கண்ணாடி வெடிக்கலாம், ஊற்றின தண்ணீரும் கொஞ்ச நேரத்தில் உறைந்துவிடும். ரப்பரில் சிலிக்கனோ கிளிசரினோ பூசியிருந்தால் கதவு உறைந்து ஒட்டாது, பிரச்சினையே வராது. முந்தின காலத்தில் மான் கொழுப்பில் செய்த குச்சியைத் தேய்ப்பார்களாம், இன்றைக்கும் சில கடைகளில் இருக்கிறதாம். நான் பூசினது சிலிக்கன்.

இனி எங்கள் ஊர். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வெயிலில் நிற்கிற காரின் ரப்பர் மேலே காய்ந்து, உள்ளே இளகி, பெயின்டில் ஒட்டிக்கொள்ளும். அதன் மேல் நிலாவெளிப் பக்கத்து நுண்மணலும் உப்பும். கதவைத் திறக்கும்போது 'சர்ர்' என்று உரிகிற சத்தம் உப்புவெளி, அலஸ்தோட்டம் பக்கத்தில் வாகனம் வைத்திருக்கிற எல்லாருக்கும் பழக்கமானது. அப்படி உரிந்து உரிந்து பீடிங், அதாவது அந்தக் கதவு ரப்பர், கிழியும். பிறகு கார்த்திகை மார்கழியில் வாடைக்காற்றோடு மழை சாய்த்து அடிக்கும்போது தண்ணீர் உள்ளே இறங்கி, கால்மிதியின் கீழே ஊறி, கார் முழுக்க நாற்றம். குளிரில் கிழிவதும் வெயிலில் கிழிவதும் ஒரே இடத்தில்தான், ஒரே மருந்துதான்.

பூசின பிறகு என் காரில் அந்தச் சத்தம் நின்றுவிட்டது. ரப்பர் கறுத்து, மெதுமையாக வந்தது. மழை முழுவதும் தாக்குப்பிடித்தது, ஆனால் வெயில் காலத்தில் அவ்வளவு நாள் நிற்கவில்லை, திரும்பப் பூச வேண்டி வந்தது. பூச முதல் ஈரத் துணியால் உப்பைத் துடைத்து, நன்றாகக் காயவிடுவது முக்கியம், இல்லாவிட்டால் மணலையும் சேர்த்துப் பூசினதாகிவிடும். குறை என்றால் அந்தப் பஞ்சுதான். சீக்கிரம் கறுத்து மண் பிடிக்கிறது, கதவின் மூலையில் ரப்பர் மடிகிற இடத்துக்குள் போகாது. அந்த இடத்துக்கு ஒரு துண்டுத் துணியில் எடுத்து விரலால் தேய்த்தேன்.

தயவுசெய்து கிறீஸோ பழைய எஞ்சின் ஒயிலோ பூசாதீர்கள். கதவு பீடிங் பெரும்பாலும் ஈபிடிஎம் என்கிற ரப்பர், பெற்றோலிய எண்ணெய் பட்டால் அது ஊதிப்போய் உருக்குலையும். தேங்காய் எண்ணெய் பூசுகிறவர்களும் இருக்கிறார்கள். அது தூசியை இழுக்கும், நாளடைவில் சிக்குப் பிடிக்கும். 24 பாகை அளவுக்குக் கீழே போனால் உறைந்தும் விடும், தை மாதத்தில் நுவரெலியாவுக்குப் போகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். அங்கே சில காலையில் புல்லில் உறைபனி கிடக்கும்.

பூட்டு விஷயம் வேறு. குளிர் நாட்டில் பூட்டுக்குள் அடிக்கிற பனி நீக்கியில் இருப்பது மதுசாரம். ஐஸை உருக்கும், ஆனால் உள்ளே இருக்கிற மசகையும் கழுவிக்கொண்டு போய்விடும், பிறகு திரும்ப மசகு போட வேண்டும். எரிகிற திரவம் என்றபடியால் அத்தான் அதைப் பெட்டியில் கொண்டுவரவில்லை, நமக்குத் தேவையும் இல்லை. நம் பூட்டைப் பிடிப்பது உப்பு. காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையும். கடலோர இரவுகளில் இது சாதாரணம். இரவில் உப்புத் தண்ணீர், பகலில் உப்புக் கட்டி, இப்படியே மாறி மாறி உள்ளே இருக்கிற தகடுகள் அரிக்கும். பலரும் கிராஃபைட் தூள் போடச் சொல்வார்கள். உலர்ந்த ஊருக்கு அது அருமையான சாமான், ஆனால் உப்பீரம் உள்ள இடத்தில் நாகம் (சிங்க்), அலுமினியம் போன்ற உலோகங்களோடு சேர்ந்தால் கிராஃபைட் அரிப்பைக் கூட்டும். ஆகவே நான் டெஃப்லோன் கலந்த உலர் ஸ்பிரேயைத்தான் வாங்கச் சொல்வேன்.

ரிமோட், ஸ்மார்ட் கீ வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். கதவில் இருக்கிற சாவித் துவாரத்தை நீங்கள் தொடுவதே இல்லை, சில கார்களில் அது மூடிக்குள் ஒளிந்திருக்கும். ரிமோட் பற்றரி இறந்த அன்றைக்கு உள்ளே இருக்கிற உலோகச் சாவியைப் போட்டால் திரும்பாது. பலங்கொடுத்தால் சாவி உள்ளேயே முறியும். மாதம் ஒரு தடவையாவது அந்தச் சாவியால் பூட்டித் திறவுங்கள்.

இந்தப் போத்தலுக்காக யாரையும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லத் தேவையில்லை. இங்கே வாகன உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்கிற சிலிக்கன் ஸ்பிரே அதே வேலையைச் செய்யும், ஆனால் டின்னின் பின்பக்கத்தை வாசித்து, பெற்றோலியக் கரைப்பான் கலக்காததாகப் பார்த்து எடுங்கள். நேராக அடிக்காமல் துணியில் அடித்துப் பூசுங்கள். கண்ணாடியில் பட்டால் மங்கும், பெயின்ட் அடிக்க இருக்கிற இடத்தில் பட்டால் பெயின்ட் பிடிக்காது, பிரேக் டிஸ்க் பக்கம் கிட்டவும் போகக் கூடாது. ஸ்பிரேயை இப்படி மெனக்கெட்டுப் பூச நேரமில்லாதவருக்குப் பஞ்சுப் போத்தல் சுகம், அத்தான் அடுத்தமுறை வரும்போது இன்னும் இரண்டு கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், ஒன்று அண்ணனின் வானுக்கு.